கன்ட்ரோல் விசையின் கதை: தட்டச்சுப் பொறியிலிருந்து உரைத்திருத்தி வரை

கணினியில் முதன்முதலாக ஓர் உரைத்திருத்தியைத் திறப்பவருக்கு ஒரு சிறு பட்டியல் சொல்லித் தரப்படும். சேமிக்க கன்ட்ரோல்+எஸ். நகலெடுக்க கன்ட்ரோல்+சி. ஒட்ட கன்ட்ரோல்+வி. தவறாகச் செய்ததை மாற்ற கன்ட்ரோல்+இசட். இவற்றை மனப்பாடம் செய்யப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் கேள்வி கேட்கும் மாணவருக்கு இந்தப் பட்டியல் எளிதில் அடங்காது. எஸ் என்பது சேமித்தலுக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, சரி. ஒட்டுவதற்கு ஏன் வி? மாற்றுவதற்கு ஏன் இசட்? தமிழில் தட்டச்சு செய்யும்போது அதே விசையில் வேறு எழுத்து இருக்கிறதே, அப்போது கட்டளை என்ன ஆகும்? இவற்றுக்கான விடைகள் கணினிப் பாடநூலில் இல்லை, வரலாற்றில்தான் இருக்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகர்களைப் பொறுத்தவரை அந்த வரலாறு கணினி மையத்தில் தொடங்கவில்லை. மாடிப்படி ஏறிச் சென்ற தட்டச்சுப் பயிலகத்தில் தொடங்குகிறது.

பயிலகத்தில் கற்ற முதல் கட்டளைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. தொழிற்சாலை என்றவுடன் கடைசல் இயந்திரமும் வெல்டிங் பொறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் ஓர் அலுவலகம் உண்டு. அந்த அலுவலகத்துக்குக் கடிதம் அடிக்க, பில் போட, விலைப்புள்ளி அனுப்ப ஒருவர் தேவை. பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கையோடு பிள்ளைகளைத் தட்டச்சு வகுப்பில் சேர்ப்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிக் குடும்பங்களில் பழக்கமாக இருந்தது. மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் ஆங்கிலம் லோயர், ஹையர், தமிழ் இளநிலை, முதுநிலை என்று சான்றிதழ்கள் உண்டு. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது வேகக் கணக்கு. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் அரசுப் பணியில் தட்டச்சர் இடத்துக்கு விண்ணப்பிக்க முடியும்.

முதல் நாள் பாடம் எல்லாப் பயிலகத்திலும் ஒன்றுதான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அரைப்புள்ளி எல் கே ஜே ஹெச் ஜே. தமிழ்ப் பொறியில் உட்கார்ந்தால் அதே நடு வரிசை இடமிருந்து வலமாக ய ள ன க ப ா த ம ட என்று போகும். விரல்கள் கண்ணின் உதவி இல்லாமல் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை இதையே பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும்.

தட்டச்சுப் பொறியிலும் எழுத்தை அச்சிடாத விசைகள் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ், டேப், ஓரத்தை விடுவிக்கும் விசை, வரி முடிந்ததும் உருளையை இழுத்துவிடும் நெம்புகோல் ஆகியவை எழுத்துகள் அல்ல, பொறிக்குத் தரும் கட்டளைகள். வரி முடியப் போகிறது என்பதைச் சொல்ல ஒரு மணியும் உண்டு. ஷிஃப்ட் என்ற பெயர்கூட அந்த இயந்திர அசைவிலிருந்து வந்ததே. 1878-இல் வெளிவந்த ரெமிங்டன் 2 பொறியில் அந்த விசையை அழுத்தினால் பொறியின் ஒரு பகுதியே இடம் நகர்ந்து, அதே விசையில் உள்ள இரண்டாவது எழுத்து தாளில் படும்.

இல்லாத கட்டளை ஒன்றே ஒன்றுதான். அடித்ததை அழிக்க முடியாது. பேக்ஸ்பேஸ் விசை உருளையை ஓர் எழுத்து பின்னால் தள்ளுமே தவிர எழுத்தை அழிக்காது. ரப்பர் வைத்துத் தேய்க்கலாம், வெள்ளைத் திரவம் பூசலாம், இல்லையென்றால் தாளை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். தேர்வில் பிழைக்கு மதிப்பெண் போகும். அலுவலகத்தில் கார்பன் வைத்து அடித்த எல்லாப் பிரதிகளும் போகும். இன்று கன்ட்ரோல்+இசட் அழுத்துபவர் எவ்வளவு பெரிய சலுகையை அனுபவிக்கிறார் என்பதை அந்தக் காலத் தட்டச்சரைக் கேட்டால்தான் தெரியும்.

247 எழுத்தும் 45 விசையும்

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247. தட்டச்சுப் பொறியில் இருப்பதோ 45 அளவிலான விசைகள். ஷிஃப்ட் சேர்த்தாலும் 90 வடிவங்களுக்கு மேல் இடம் இல்லை.

இந்தக் கணக்கைத் தீர்த்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்த ரா. முத்தையா. இளம் வயதிலேயே மலாயாவுக்குச் சென்று, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியோடு தினமும் பழகிய அவர், தமிழுக்கு ஏன் இது முடியாது என்று யோசித்தார். அவருடைய வடிவமைப்பை ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் பொறியாகச் செய்து கொடுத்தது.

தமிழ்ப் பொறியின் சூட்சுமம் நகரா விசையில் இருக்கிறது. சாதாரண விசையை அடித்தால் எழுத்து பதியும், உருளை ஓர் இடம் நகரும். நகரா விசையை அடித்தால் குறி பதியும், உருளை அசையாது. புள்ளி அப்படிப்பட்ட விசை. எனவே ‘க்’ அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. புள்ளி விழுந்த இடத்திலேயே க வந்து அதன் கீழே உட்கார்ந்துகொள்ளும். இதனால் மெய் ஒவ்வொன்றுக்கும் தனி விசை தேவைப்படவில்லை, ஒரே புள்ளி 18 மெய்களுக்கும் பயன்பட்டது. அதேபோல ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. தாளில் எது இடப்பக்கம் நிற்கிறதோ அது முதலில். தமிழ்த் தட்டச்சு பயின்றவர் தமிழைக் காதால் கேட்டு அடிப்பதில்லை, கண்ணால் பார்த்து அடிக்கிறார் என்றே சொல்லலாம். இந்த வேறுபாடு பின்னால் பெரிய சிக்கலாகப் போகிறது.

கன்ட்ரோல் பிறந்த இடம்

தட்டச்சுப் பொறிக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு தலைமுறை இயந்திரம் உண்டு. அதன் பெயர் டெலிடைப். ஓர் ஊரில் அடித்தால் கம்பி வழியாக இன்னோர் ஊரில் அச்சாகும். இங்கேதான் ஒரு புதிய தேவை எழுந்தது. தொலைவில் உள்ள இயந்திரத்தின் உருளையை யார் இழுத்துவிடுவது? அதன் மணியை யார் அடிப்பது? எழுத்துகளைப் போலவே கட்டளைகளும் கம்பி வழியாகப் போக வேண்டும்.

1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி குறியீட்டுத் தரத்தில் இதற்கு வழி செய்யப்பட்டது. மொத்தம் 128 இடங்கள். அவற்றில் முதல் 32 இடங்கள் அச்சாகாத கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டன. அந்தக் கட்டளைகளை அனுப்ப டெலிடைப் விசைப்பலகையில் கன்ட்ரோல் என்று ஒரு விசை வைத்தார்கள். அதை அழுத்திக்கொண்டு ஓர் எழுத்தை அடித்தால், அந்த எழுத்தின் எண்ணிலிருந்து 64 குறைந்து போகும். ஜி என்ற எழுத்தின் எண் 71. கன்ட்ரோல்+ஜி அடித்தால் 7, அதாவது மணி அடி. ஹெச் 72, கன்ட்ரோலோடு 8, ஓர் இடம் பின்னால் போ. ஐ 73, கன்ட்ரோலோடு 9, டேப். ஜே 74, கன்ட்ரோலோடு 10, அடுத்த வரிக்கு இறங்கு. எம் 77, கன்ட்ரோலோடு 13, உருளையைத் தொடக்கத்துக்கு இழு.

தட்டச்சுப் பயிலகத்தில் கையால் செய்த வேலைகள் எல்லாம் எண்களாக மாறிவிட்டதைப் பாருங்கள்! நெம்புகோல் 13 ஆயிற்று, மணி 7 ஆயிற்று. விண்டோஸ் நோட்பேடில் என்டர் தட்டினால் கோப்பில் 13, 10 என்ற இரண்டு எண்களும் பதிகின்றன. உருளை இல்லாத இயந்திரத்தில் இன்றும் உருளையை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

விரல்கள் மீண்டும் மீண்டும் கற்ற பாடம்

திரை வந்தபிறகு உரைத்திருத்திகள் வந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கியது விஐ திருத்தி. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்பு விசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் வரையப்பட்டிருந்தன. விஐ திருத்தியில் இன்றும் இடது, கீழ், மேல், வலது என்று போக அந்த நான்கு எழுத்துகளே. ஹெச் இடதுபுறம் போவதும் ஜே கீழே இறங்குவதும் தற்செயல் அல்ல, மேலே சொன்ன 8-உம் 10-உம்தான் காரணம்.

1978-இல் மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி எழுதிய வேர்ட்ஸ்டார் வெளிவந்தது. இந்தியாவில் டாஸ் காலத்துக் கணினி மையங்களில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் மூன்றும் சேர்ந்ததே ஒரு பாடத்திட்டம். தட்டச்சு லோயர் முடித்தவர் அடுத்துப் போய்ச் சேர்ந்த வகுப்பு அது. வேர்ட்ஸ்டாரின் கட்டளைகள் தட்டச்சு தெரிந்த விரலுக்காகவே அமைக்கப்பட்டவை. இடது கைக்குக் கீழே இ, எஸ், டி, எக்ஸ் நான்கும் ஒரு வைர வடிவில் இருக்கின்றன. கன்ட்ரோலோடு இ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடப்பக்கம், டி வலப்பக்கம். எழுத்தின் பொருளைப் பார்க்காதே, இடத்தைப் பார் என்பது அதன் தத்துவம். சேமிக்க கன்ட்ரோல்+கே, பிறகு எஸ். பத்தியை நகலெடுக்க அதன் தொடக்கத்தில் கன்ட்ரோல்+கே, பி. முடிவில் கன்ட்ரோல்+கே, கே. வேண்டிய இடத்துக்குப் போய் கன்ட்ரோல்+கே, சி.

அதே பத்தாண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் வேறொரு சிந்தனை வளர்ந்தது. அங்கே பிராவோ என்ற திருத்தி இருந்தது. அதில் எழுதும் நிலை வேறு, கட்டளை தரும் நிலை வேறு. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும் என்ற கதை பிரபலமானது. இ அடித்ததும் ஆவணம் முழுவதும் தேர்வாகும். டி அடித்ததும் அத்தனையும் நீங்கும். ஐ அடித்ததும் எழுதும் நிலை வரும். கடைசி டி மட்டும் எழுத்தாகப் பதியும். முழு ஆவணமும் போய் ஒற்றை எழுத்து மிஞ்சும்!

லாரி டெஸ்லர் என்ற கணினி அறிஞருக்கு இந்த நிலை மாற்றங்கள் அறவே பிடிக்காது. அவரும் டிம் மாட்டும் 1970-களின் நடுவில் உருவாக்கிய ஜிப்சி திருத்தியில் நிலைகள் இல்லை. அடித்தால் எழுத்து பதியும், அவ்வளவுதான். வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்று செயல்களும் இன்றைய வடிவம் பெற்றது அங்கேதான். பின்னர் ஆப்பிளுக்குச் சென்ற டெஸ்லர், 1983-இல் வெளியான லிசா கணினியின் குழுவில் இருந்தார். லிசாவில் மீட்க இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி. விசைப்பலகையின் கீழ் வரிசையில் இந்த நான்கும் வரிசையாக அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். வலது கை மவுஸைப் பிடித்திருக்க, இடது கை அசையாமல் நான்கையும் செய்யலாம். இசட் என்று தொடங்கும் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதுவும் பொருளைவிட இடத்தை நம்பிய ஏற்பாடே.

ஐபிஎம் நிறுவனம் 1987-இல் தனியாக ஒரு விதி வகுத்தது. வெட்ட ஷிஃப்ட்+டெலீட், நகலெடுக்க கன்ட்ரோல்+இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட்+இன்சர்ட். விண்டோஸ் முதலில் இந்த வழியில் நடந்தது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 லிசாவின் நான்கு எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டது. பழைய மூன்றும் இன்றுவரை பல திருத்திகளில் வேலை செய்கின்றன. இவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் கன்ட்ரோல்+எஸ், நோட்பேடுக்கு வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000-இல்தான்.

இப்போது ஓர் எழுத்தரின் விரல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். தட்டச்சில் பேக்ஸ்பேஸ் அழிக்காது, கணினியில் அழிக்கும். வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல்+எக்ஸ் ஒரு வரி கீழே இறக்கும், விண்டோஸில் தேர்ந்தெடுத்ததை வெட்டி எடுத்துவிடும். டாஸில் காப்பி கான் கட்டளையால் கோப்பு எழுதுபவர் எழுதி முடித்ததற்கு அடையாளமாக கன்ட்ரோல்+இசட் அடிப்பார், விண்டோஸில் அதே விசை கடைசியாகச் செய்ததை மாற்றிவிடும். மூளை புதிய பாடத்தை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளும். விரல் ஏற்க மாதங்கள் ஆகும்.

தமிழ் வந்தபோது

கணினியில் தமிழ் எழுத முதல் முயற்சிகள் 1980-களிலேயே நடந்தன. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஆகியவை அக்காலத்தவை. 1990-களில் ஏராளமான எழுத்துருக்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஓர் எளிய தந்திரத்தில் இயங்கின. கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துதான் பதியும். எழுத்துரு அதற்கு மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி. ஜே இருக்கும் இடத்தில் த, கே இருக்கும் இடத்தில் ம. முத்தையா வழித் தட்டச்சு வரிசை அப்படியே கணினிக்கு வந்ததால் தட்டச்சு கற்றவருக்கு இது வசதி. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். நோட்பேடில் ஒட்டினால் தமிழ் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஒரு கடையில் அடித்த அழைப்பிதழ் இன்னொரு கடையில் திறக்காது. கன்ட்ரோல்+எஃப் போட்டுத் தேடினாலும், ஒரு எழுத்துருவில் அடித்த சொல் வேறு எழுத்துருக் கோப்பில் கிடைக்காது. எழுத்தாளரின் பத்து வருட எழுத்து ஓர் எழுத்துருவின் தயவில் இருந்தது என்றால் மிகையாகாது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதையொட்டி உருவான விசைப்பலகைதான் தமிழ்99. அதே ஆண்டு தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதன் அமைப்பு தட்டச்சுப் பொறியிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். க்+அ என்று இலக்கணம் சொல்வதைப் போல, மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். ‘கெ’ வேண்டுமா? க, பிறகு எ. கொம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று நினைக்கவே வேண்டாம்.

புள்ளியையும் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதில் புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ம-வுக்குப் பின் ப, ந-வுக்குப் பின் த போன்ற இன எழுத்து இணைகளிலும் தானாகப் புள்ளி விழும். மேற்குப் புறநகரின் ஊர்ப் பெயர்களையே அடித்துப் பார்க்கலாம்.

ஆவடி: ஆ, வ, ட, இ. நான்கு விசைகள்.

அம்பத்தூர்: அ, ம, ப, த, த, ஊ, ர, புள்ளி. எட்டு விசைகள். மூன்று புள்ளிகள் உள்ள சொல்லில் கடைசிப் புள்ளியை மட்டும்தான் கை அடிக்கிறது.

பூந்தமல்லி: ப, ஊ, ந, த, ம, ல, ல, இ. எட்டு விசைகள். ஒரு புள்ளியும் அடிக்க வேண்டியதில்லை.

தொடக்கநிலையாளருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் தமிழ் முதுநிலை தேர்ச்சி பெற்று இருபது வருடம் அலுவலகத்தில் அடித்தவருக்கு? ய ள ன க ப என்று ஊறிப்போன விரலை அ இ உ என்று மாற்றச் சொல்வது, வேலை செய்துகொண்டிருப்பவரை மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைப்பதற்குச் சமம். தரம் சிறந்ததாக இருந்தாலும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்களே.

இதற்குக் கிடைத்த நடைமுறைத் தீர்வும் ஒரு விசைக் கட்டளைதான். இகலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் ஒரே கணினியில் பல விசைப்பலகைகளை மாற்றிக்கொள்ள வழி செய்தன. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டரில் ஆல்ட்+1 தமிழ்99, ஆல்ட்+2 ஆங்கில ஒலிப்பு முறை, ஆல்ட்+3 பழைய தட்டச்சு, ஆல்ட்+4 பாமினி, ஆல்ட்+0 மீண்டும் ஆங்கிலம். யாரும் யாருக்காகவும் விரலை மாற்ற வேண்டியதில்லை. எந்த முறையில் அடித்தாலும் கோப்பில் பதிவது ஒரே ஒருங்குறித் தமிழ். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தபோது எழுத்துருச் சண்டைக்கு அதிகாரப்பூர்வமான முடிவும் வந்தது.

கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டன. தமிழ்99-இல் எஸ் விசையில் இருப்பது இ. ஆனாலும் கன்ட்ரோலோடு அதை அழுத்தினால் இ பதியாது, கோப்பு சேமிக்கப்படும். கன்ட்ரோல் அழுத்தியிருக்கும்போது தமிழ் விசைப்பலகை ஒதுங்கி நின்று ஆங்கில எழுத்துக்கு வழிவிடுகிறது. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு எஸ் என்பது ஓர் இடம் மட்டுமே. வேர்ட்ஸ்டார் காலத்துத் தத்துவம் அவருக்கு இன்றும் பொருந்தும்: பொருளைப் பார்க்காதே, இடத்தைப் பார்.

தொடக்கநிலையாளர் அறிய வேண்டியவை

இத்தனை வரலாற்றுக்குப் பிறகு பட்டியலை மீண்டும் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

1. கன்ட்ரோல்+எஸ் (சேமி): பத்தி முடியும்தோறும் அழுத்துவது நல்லது. தமிழில் எழுதிய கோப்பை முதல் முறை சேமிக்கும்போது குறியீட்டு முறை யுடிஎஃப்-8 தானா என்று பார்க்க வேண்டும். பழைய நோட்பேட் ஆன்சி என்ற முறையில் சேமிக்க முனையும். எச்சரிக்கையைப் படிக்காமல் சரி என்று சொன்னால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பை மூடிவிட்டால் திரும்பக் கிடைக்காது. 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளிலிருந்து யுடிஎஃப்-8 இயல்பாக அமைந்துவிட்டது.

2. கன்ட்ரோல்+இசட் (மீள்): தட்டச்சுப் பொறியில் இல்லாத வரம். நோட்பேடில் நீண்ட காலம் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடிந்தது. மற்ற பெரும்பாலான திருத்திகளில் பல படிகள் போகலாம். அதிகம் போய்விட்டால் கன்ட்ரோல்+ஒய் முன்னால் கொண்டுவரும்.

3. கன்ட்ரோல்+எக்ஸ், சி, வி (வெட்டு, நகலெடு, ஒட்டு): ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்பு விசையால் தேர்ந்தெடுத்த பிறகு இவற்றைப் பயன்படுத்தலாம். வெட்டியதை ஒட்டும் முன் வேறொன்றை நகலெடுத்தால் முதலாவது போய்விடும்.

4. கன்ட்ரோல்+ஏ (அனைத்தும் தேர்ந்தெடு): இதற்குப் பின் தெரியாமல் ஓர் எழுத்தை அடித்தால் பிராவோ கதைதான். உடனே கன்ட்ரோல்+இசட்.

5. கன்ட்ரோல்+எஃப் (தேடு), கன்ட்ரோல்+ஹெச் (மாற்று): தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கலாம். ஔ என்ற உயிரெழுத்தை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் உண்டு. துணைக்காலுக்குப் பதில் ர அடிப்பவர்களும் உண்டு. படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, தேடும் கணினிக்குத் தெரியும். தேடிய சொல் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

6. பேக்ஸ்பேஸும் டெலீட்டும்: ஒருங்குறியில் ‘மி’ என்பது ம, இகரக் குறி என்ற இரண்டு துண்டுகள். நோட்பேடில் ‘மி’க்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அடித்தால் குறி மட்டும் போய் ம நிற்கும். முன்னால் நின்று டெலீட் அடித்தால் முழு எழுத்தும் போய்விடும். குறியை மட்டும் திருத்த பேக்ஸ்பேஸ், எழுத்தையே எடுக்க டெலீட் என்று நினைவில் வைக்கலாம்.

7. ஹோம், எண்ட்: வரியின் தொடக்கம், முடிவு. கன்ட்ரோலோடு சேர்த்தால் கோப்பின் தொடக்கம், முடிவு. கன்ட்ரோலோடு இடது, வலது அம்பு ஒவ்வொரு சொல்லாகத் தாண்டும்.

8. எஃப்5: நோட்பேடில் அன்றைய தேதியும் நேரமும் பதியும். நாட்குறிப்பு எழுதுபவருக்கு உதவும்.

லினக்ஸ் முனையத்தில் வேலை செய்பவருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பூந்தமல்லி, ஆவடி சாலைகளை ஒட்டிய பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் முதலாண்டு மாணவர் விஐ திருத்தியைச் சந்திப்பது வழக்கம். பழக்கதோஷத்தில் அங்கே கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் திரை உறைந்துபோகலாம். கணினி கெட்டுவிடவில்லை. டெலிடைப் காலத்தில் அந்த விசைக்கு, அனுப்புவதை நிறுத்து என்று பொருள். முனையம் அந்தப் பழைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. கன்ட்ரோல்+கியூ அழுத்தினால் மீண்டும் ஓடும். விஐ-யில் எழுதத் தொடங்க ஐ, முடிக்க எஸ்கேப். சேமித்து வெளியேற முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ. சேமிக்காமல் வெளியேற முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி. இந்த நான்கும் தெரிந்தால் ஆய்வகத்தில் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

முடிவாக

1955-இல் இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய செய்தி 2011-இல் உலகெங்கும் பேசப்பட்டது. பொறி செய்பவர் இல்லாத பின்னும் தமிழகத்தில் தட்டச்சுத் தேர்வு நின்றுவிடவில்லை. பழைய பொறிகளைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு பயிலகங்கள் தொடர்ந்து நடந்தன. அரசுத் தட்டச்சர் பணிக்குச் சான்றிதழ் தேவை என்பது ஒரு காரணம். பத்து விரலாலும் பார்க்காமல் அடிக்கும் திறமை எந்த இயந்திரத்துக்கும் செல்லும் என்பது இன்னொரு காரணம்.

உருளை போனது, மணி போனது, வேர்ட்ஸ்டார் போனது, முகமூடி எழுத்துருக்களும் பெரும்பாலும் போய்விட்டன. அவற்றைப் பழகிய விரல்கள் ஒவ்வொரு முறையும் புதிய பாடத்தைக் கற்று மேலே வந்தன. இன்று விசைக் கட்டளைகளைக் கற்கத் தொடங்குபவர் அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பவர். அவருக்கு முன்னால் நின்றவர்கள் பிழை செய்தபோது தாளை உருவி எறிய வேண்டியிருந்தது. இவருக்கு கன்ட்ரோல்+இசட் இருக்கிறது. ஆகவே தைரியமாக அடித்துப் பழகலாம், இடையிடையே கன்ட்ரோல்+எஸ் அழுத்த மறக்காமல்.